நெற்றி தெரியாமல் வைத்த சந்தனம்

இன்னும் சுத்திக்கிட்டுத்தான் கெடக்கு. கம்ப்யூட்டர் திரைல அஞ்சாறு வெள்ளைப் புள்ளி, ஒண்ணு முன்னால ஓட மத்தது பின்னால ஓட, பிரதோஷத்துக்குப் பிரகாரம் சுத்துத ஆச்சிமாரு மாதிரி, ஒரு அவசரமும் இல்ல. கீழ இங்கிலீஷ்ல ஒரு வரி, மீட்டுக்கிட்டு இருக்கோம், காத்திருங்கன்னு. சரி, காத்திருக்கேன், காலைல காப்பி ஆத்தினதுலருந்து அதத்தானே செய்யுதேன், சவம், நீ கொஞ்சம் வெரசாச் சுத்துனா என்ன. உள்ள இருக்க காத்தாடி வேற மாவு மில்லு மாதிரி எரையுது. கம்ப்யூட்டர் கடை ராயப்பன் ஃபோன்ல அழுத்திச் சொல்லிட்டாரு, என்ன ஆனாலும் நடுவுல மட்டும் ஆஃப் பண்ணிராதீங்கம்மா, பாதியில நின்னா உள்ள உள்ளது மொத்தமும் போயிரும்னு. உள்ள உள்ளது என்னன்னு அவருக்குத் தெரியுமா. கல்யாண ஃபோட்டோ, பேரப்பிள்ள டான்ஸு ஆடுனதுன்னு நெனச்சிருப்பாரு. உள்ள இருக்கது என் தொண்டை. கோட்டிக்காரி பேச்சு மாதிரித்தான் இருக்கு, ஆனா அதான் உண்மை. பியூலாவுக்காக வாசிச்சுப் பதிஞ்ச பொஸ்தகத்துல பின்பாதி முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு, வேற எங்கயும் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரில போயிப் படுக்கணும், நாளைக்குக் காலைல கழுத்துல கத்தி வைப்பாங்க, முழிச்சதுக்குப் பெறகு என்ன குரல் வரும்னு டாக்டருக்கே தெரியாது. அடுத்த வாரம் பியூலாவுக்குப் பரீட்சை. போனாப் போகுது, திருப்பி வாசிச்சுக்கிடலாம்னு சொல்லுததுக்கு எங்கிட்ட என்ன இருக்கு. குக்கர் வச்சேனா இல்லையா. வச்சிருக்கேன், எங்க வீட்டு அவுக பாத்துக்கிடுவாக. சுத்து, உன் பாட்டுக்குச் சுத்து.

காலைல ஸ்விட்சப் போட்டதும் திரை நீலமா நின்னுட்டு, நடுவுல ஒரு அழுமூஞ்சி படம். ஆபரேஷன் எனக்கு, நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கன்னு கேட்டேன். அணைச்சுப் போட்டாலும் அதே மூஞ்சிதான். ராயப்பனக் கூப்பிட்டா, பதறாதீங்கம்மா, பேக்கப் டிஸ்க் இருக்குல்லா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதுவே நகல் எடுக்க மாதிரி நாந்தான வச்சுக் குடுத்தேன்னாரு. ஆமா, வச்சுக் குடுத்தாரு. சோப்புக்கட்டி அளவுல கறுப்பா ஒரு டிஸ்க்கு, ஒயர் சொருகுனபடி மேசை மேலயே கெடக்கும், அது கெடக்க தைரியத்துல நானும் நிம்மதியா இருந்தேன். ஆனா பெட்டி என்னடான்னா அப்பிடி ஒரு டிஸ்க்கே இல்லங்குது. கழத்திச் சொருகுனேன், பக்கத்து ஓட்டைல சொருகுனேன், இல்ல, இல்ல, இல்ல. டிஸ்க்குல ஒயர் போற வாயப் பாருங்கம்மா, தூசி கீசி இருக்கப் போகுதுன்னாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா உள்ள மஞ்சளா, காஞ்சு, கெட்டியா ஒண்ணு. மோந்து பாத்தேன். சந்தனம். அவுக வேல, வேற யாரு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்த மனுஷன், ஆயுத பூஜையன்னைக்கு ஒரு பஸ்ஸையும் பொட்டு இல்லாம வெளிய விட்டதில்ல, ரிட்டயரான பெறகு பஸ் கெடைக்கல, வீட்டுல இருக்கதுக்கெல்லாம் ஆரம்பிச்சிட்டாக. ஃப்ரிட்ஜு, மிக்ஸி, மோட்டார் ஸ்விட்சு, டிவி ரிமோட்டு, நகவெட்டி வரைக்கும் பொட்டு. கம்ப்யூட்டர் சாமானையெல்லாம் கழத்தி சரஸ்வதி படத்துக்கு முன்னால அடுக்குனதும் அவுகதான், மறுநாள் எடுத்து மாட்டுனதும் அவுகதான். டிஸ்க்குல வெளக்கு எரிஞ்சுது, நானும் சரின்னு விட்டுட்டேன். வெளக்கு எரிஞ்சாப் போதுமா, சந்தனம் அடைச்சுக்கிட்டு உள்ள ஒரு எழுத்தும் போகல. டிஸ்க்கக் கொண்டு போயி அவுக மூஞ்சிக்கு நேர நீட்டுனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாக. "இதுல நெத்தி எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும், வடிவு"ன்னாக. நெத்தி தெரியலன்னா வாயிலயா வைக்கதுன்னு கேக்க வாயத் தொறந்தேன், சிரிப்பு வந்துட்டு. எனக்கு ஒரு கோவத்தயாவது ஒழுங்காப் பட விட்டிருக்காகளா இந்த மனுஷன். ஆனா பழைய பல்லு பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் எடுத்து வச்சுக்கிட்டு, பிள்ளைக்குக் காது துடைக்க மாதிரி, பைய பையத் துடைச்சுக் குடுத்ததும் அவுகதான். சொருகுனேன், டிஸ்க்கு தெரிஞ்சுது, எனக்குப் போன உசுரு வந்துது. அதுக்குப் பெறகு கடைசியா நகல் எடுத்த தேதின்னு ஒண்ணக் காட்டிச்சு. பூஜைக்கு முந்துன ஞாயித்துக்கெழம. இப்பம் தை பாதி ஓடிட்டு. முன்பாதி மட்டும் பத்திரமா இருக்கு, அத நான் அப்பமே பியூலாட்ட குடுத்தாச்சு.

பியூலா எனக்கு ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. கண்ணு தெரியாத பிள்ள, வக்கீலுக்குப் படிச்சு முடிச்சிட்டு சிவில் ஜட்ஜ் பரீட்சைக்குப் படிக்கா, தமிழ்ல பொஸ்தகம் வாசிச்சுப் பதிஞ்சு குடுக்க ஆள் வேணும்னு யார் மூலமாவோ எங்கிட்ட வந்தா. மொதல்ல ஆன்ட்டின்னா. நான் என்ன நீ பஸ்ஸுல எடம் கேக்க பொம்பளையான்னு கேட்டேன், அன்னையிலருந்து வடிவக்கா. சாட்சியச் சட்டம், தடிப் பொஸ்தகம், தலைக்கு வச்சுப் படுத்தா கழுத்து பிடிச்சுக்கிடும். எனக்கு அதுல மொதல்ல ஒரு மண்ணும் வெளங்கல. இப்பமெல்லாம் மெஷினே வாசிக்குதாமே, என்னய ஏன் படுத்துதன்னு கேட்டதுக்கு அவ சொன்னத மறக்க முடியல. மெஷினு தப்பா வாசிச்சாலும் அதே மாதிரி சிரிச்ச மொகமா வாசிச்சுக்கிட்டுப் போயிரும் வடிவக்கா, நீங்க தப்பா வாசிச்சா சவம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத் திருப்பி வாசிக்கீங்க, அதுலருந்து எனக்கு எது சரின்னு தெரிஞ்சு போகுதுன்னா. நான் மெனக்கெட்டு அந்தச் சவத்தையெல்லாம் வெட்டி எடுத்துக்கிட்டு இருந்தேன், வெட்டாதீங்கன்னுட்டா. குக்கர் விசில வெட்டாதீங்க, அவுக வந்து சாவி எங்கன்னு கேட்டத வெட்டாதீங்க, ஒப்புதல் வாக்குமூலம் எங்க இருக்குன்னு யோசிச்சா எனக்கு சாவி காணாமப் போனதுக்கு அடுத்ததுன்னு ஞாபகம் வருதுன்னா. நல்லா இருக்குட்டி உன் சட்டம்னு சிரிச்சேன். அவுக மத்தியானம் தூங்குத நேரம் இந்த உள் ரூமுல கதவச் சாத்தி, ஃபேன அமத்தி, வேர்வையில நனைஞ்சுக்கிட்டு வாசிப்பேன். யாரும் கேட்டு நான் ஒண்ணும் வாசிச்சதில்ல அதுக்கு முன்னால. அடுக்களைல கத்துன தொண்டை, பால்காரனக் கூப்பிட்ட தொண்டை, அதுக்கு ஒரு பிள்ள காதக் குடுத்து உக்காந்திருக்கான்னா, வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. அப்பம்தான் ஒரு நாள் கேட்டா, சளி பிடிச்சிருக்கா வடிவக்கான்னு. இல்லியேன்னேன். ரெண்டு பாடம் கழிச்சுத் திருப்பிக் கேட்டா. எனக்கு எரிச்சல். ஓசில வாசிச்சுக் குடுத்தா குரல் சரியில்லங்காளோன்னு. தீவாளி கழிஞ்சு, காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டுங்களேன்னு பயந்து பயந்து சொன்னா. வீட்டுல கூடவே இருக்க மனுஷனுக்குக் கேக்கல, கண்ணாடி முன்னால நின்னு பொட்டு வைக்கையில எனக்கும் தெரியல, ஃபோன்ல பாட்டு கேக்க மாதிரி கேட்டுக்கிட்டு இருந்த பிள்ளைக்குக் கேட்டிருக்கு. அன்னைக்கு அவ மேல வந்த ரோஷத்துல பின்பாதிய அவளுக்கு அனுப்பாம வச்சேன். தொண்டை சரியான பெறகு கரகரப்பு இருக்க எடத்தயெல்லாம் திருப்பி நல்லா வாசிச்சு, முழுசாக் குடுப்போம்னு நெனப்பு. முழுசா. இப்பம் பாதியும் இல்ல.

புள்ளி நின்ன மாதிரி இருந்துதே. இல்ல, சுத்துது. டிஸ்க்கு கைய விரிச்ச பெறகு ராயப்பன் இன்னொரு வழி சொன்னாரு, பெட்டியவே அது நல்லா இருந்த ஒரு தேதிக்குத் திருப்பிக் கொண்டு போகலாமாம், நம்ம வச்சிருக்கதத் தொடாதாம், எழும்புனா எழும்பட்டும்னு. எந்தத் தேதிக்குப் போகணும்னு அதுவே கேட்டுது. மனுஷங்கிட்ட யாராவது இப்பிடிக் கேட்டிருக்காகளா. நான் எங்கயோ பொறத்த, பழைய நாளுக்குப் போயிட்டேன், தீவாளிக்கு முன்னாலயா, அவ மொத மொத சளியான்னு கேட்ட அன்னைக்கா, அன்னைக்கே டாக்டர்ட்ட போயிருந்தா கழுத்துக் கட்டி சுண்டைக்கா அளவுலதான் இருந்திருக்கும், இப்பம் நெல்லிக்கா அளவு, தண்ணி குடிச்சா ஏறி எறங்குது. அம்மா லைன்ல இருக்கீங்களான்னு ராயப்பன் கேட்ட பெறகுதான் பாத்தேன், அதுல இருந்ததே ஒரே ஒரு தேதிதான். அதத்தான் அமுக்குனேன். மூணு மாசமா இந்தத் திரையோட ஓரத்துல சின்னதா ஒரு கட்டம் வந்து வந்து போகும், நகல் எடுக்க முடியல, பாருங்கன்னு. நான் ஒவ்வொரு தடவையும், பெறகு சொல்லுன்னு ஒரு பொத்தான் இருக்குல்லா, அத அமுக்கிட்டு வாசிக்க உக்காந்திருவேன். தொண்டையும் அப்பிடித்தான் சொல்லிப் பாத்திருக்கு. கரகரன்னுது, மாத்திர சப்புனேன். வலிச்சுது, உப்புத் தண்ணி கொப்புளிச்சேன். பெறகு சொல்லு, பெறகு சொல்லு. அவுகள மட்டும் நெத்தி தெரியாத மனுஷன்னு சிரிக்கேன். டாக்டரு படம் போட்டுக் காட்டுனாரு, பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி, அது பொறத்தால நூலு மாதிரி ஒரு நரம்பு, அதுதான் குரலுக்கு. தொறந்து பாத்துதான் பாதி எடுக்கணுமா முழுசும் எடுக்கணுமான்னு சொல்ல முடியும், கவனமாத்தான் செய்வோம், சில பேருக்கு மட்டும் குரல் மாறும்மான்னாரு. சில பேருக்குன்னா. அந்தச் சில பேரு எங்கன இருக்காங்க, எப்பிடி அவங்க வீட்டுக்காரர அடுத்த ரூமுலருந்து கூப்பிடுதாங்க, கையத் தட்டுவாங்களா. உசுருக்கு ஒண்ணும் இல்லல்லா, அத நெனைன்னு அவுக சொல்லுதாக. நெனைக்கேன். உசுரு இருந்து, அது வாயத் தொறந்தா வேற ஒருத்தி பேசுனா எப்பிடி இருக்கும்னும் நெனைக்கேன். பயமா இருக்கு. எனக்கு நல்லா பயமா இருக்கு. அந்தப் பின்பாதி இருந்தாலாவது, எப்பிடி இருந்தேன்னு எங்கயாவது ஒரு எடத்துல கெடக்கும். ரெண்டாவது குக்கர் விசிலா, மூணாவதா.

ஃபோன் அடிக்குது. ராயப்பனா இருக்கும்னு எடுத்தா பியூலா. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருவீங்களேன்னுதான் கூப்பிட்டேன், சர்ச்சுல உங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லிருக்கேன்னா. உனக்குப் படிப்பு எப்பிடிப் போகுதுன்னு கேட்டுக்கிட்டே, எப்பிடிச் சொல்ல, எங்கருந்து சொல்ல, சந்தனத்துலருந்தா. சந்தனத்துலருந்துதான் சொன்னேன். அவ சிரிச்சா, நெத்தி எதுன்னு அங்கிள் கேட்டாங்களான்னு திருப்பித் திருப்பிக் கேட்டுச் சிரிச்சா. கடைசியா, பின்பாதி அனேகமாப் போன மாதிரித்தான் பியூலான்னேன். கம்ப்யூட்டரு எரையுதது மட்டும் கேக்குது. அனுப்பாம ஏன் வச்சிருந்தேன்னு அவ கேக்கல, கேட்டிருந்தாத் தேவல. நானாச் சொன்னேன், கரகரன்னு இருந்துது பிள்ள, நீ வேற சளியா சளியான்னு கேட்ட, நல்லாக்கிக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்னு. அதுக்கு அவ சொன்னா, எனக்கு நல்ல குரல் வேணும்னா மெஷின் இருக்கே வடிவக்கா. சொல்லிட்டு, இப்பம் உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னா. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கெளம்பணும்னேன். அப்பம் பொஸ்தகத்த எடுங்க, முழுசும் வேண்டாம், எனக்குப் பிடிபடாதது வாய்மொழிச் சாட்சியந்தான், அத மட்டும் ஃபோன்லயே வாசிங்க, நான் இங்கன பதிஞ்சுக்கிடுதேன், தொண்டை வலிச்சா நிறுத்திருங்கன்னா. கொஞ்சம் பொறுத்து, ஆனா ஏதோ ஹோன்னு எரையுதே வடிவக்கா, உங்க குரல் அமுங்கிப் போகுதுன்னா.

எரையுதது இதுதான். முன் ரூமுல போயி வாசிக்கலாம்னா ரோட்டுல லாரியும் மீன்காரன் ஹாரனும், இந்த ஒரு ரூமுலதான் எப்பமும் வாசிக்கது. புள்ளியப் பாத்தேன். இப்பம் முடிஞ்சிரும் இப்பம் முடிஞ்சிரும்ங்க மாதிரியே சுத்துது, காலைலயும் அப்பிடித்தான் சுத்துச்சு. உள்ள நான் வாசிச்ச அத்தனை மத்தியானமும் கெடக்கு. அவுக வாசல்ல வந்து நிக்காக, கைல குக்கர் வெயிட்டு, சத்தம் வரக்கூடாதுன்னு அடுப்ப அமத்திட்டு வந்திருக்காக, யாரும் சொல்லாமலே. நான் குனிஞ்சு மேசைக்கு அடியில ஒயரப் பிடிச்சதப் பாத்துட்டு, ராயப்பன் ஆஃப் பண்ணக் கூடாதுன்னாருல்லா, மொத்தமும் போயிருமேன்னாக. போயிரும்னேன். பிடுங்கிட்டேன். புள்ளி நின்னுது, எரைச்சல் நின்னுது, ரூமு அப்பிடியே அமைதியாயிட்டு. அவுக ஃபேனையும் அமத்திட்டு, கதவச் சாத்தி, வெளிய நாக்காலியப் போட்டு உக்காருத சத்தம் கேட்டுது. பொஸ்தகத்த விரிச்சு, ஃபோன மேசை மேல வச்சு, தண்ணி ஒரு வாய் குடிச்சேன், ஏறி எறங்குச்சு. வாய்மொழிச் சாட்சியம். "கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றியதானால், அதைத் தானே கண்டவர் வந்து சொல்ல வேண்டும். காதால் கேட்கக்கூடிய ஒன்றைப் பற்றியதானால், அதைத் தானே..." அந்த எடத்துல வந்து தொண்டை கட்டிக்கிட்டு, காத்துதான் வருது, சத்தம் வரல. சவம். செருமிக்கிட்டு, இத வெட்டிரு பியூலா, நான் முதல்லருந்து வாசிக்கேன்னேன்.

"வேண்டாம் வடிவக்கா," ன்னா. "நான் கேட்டேன். மேல வாசிங்க."